சீனாவில் சட்டம் காகிதத்தில் மட்டும்தானா? துணி வாங்கி மாட்டிக்கொண்ட திருப்பூர் வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: வணக்கம் மேடம். திருப்பூரில் சிறிய அளவில் பெண்களுக்கான ஆடைகள் தைத்து விற்கிறேன். போன வருடம் சீனாவில் கெச்சியாவ் துணி மார்க்கெட்டில் உள்ள ஒரு பார்ட்டிக்கு பாலியஸ்டர் நிட் துணி ஆர்டர் கொடுத்தேன். சாம்பிளில் 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்) இருந்தது. வந்த சரக்கு 150-ஐத் தாண்டவில்லை, போட்டால் உள்ளே தெரிகிறது. 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி கப்பல் ரசீது நகலைப் பார்த்ததும் அனுப்பிவிட்டேன். மொத்தம் சுமார் 1 லட்சம் யுவான். முதலில் வீசாட் என்ற சீனச் செய்திச் செயலியில் "பார்க்கிறேன்" என்றவர் இப்போது பதிலே போடுவதில்லை. "சீனாவில் சட்டமெல்லாம் காகிதத்தில்தான், ஆள் பழக்கம் இருந்தால்தான் வேலை நடக்கும், எனக்கு ஆள் தெரியும்" என்கிறார் எங்கள் ஏஜென்ட். "அங்கே சட்டம் பயங்கரக் கடுமை, ஒரு புகார் போனால் அவனைத் தூக்கி உள்ளே வைத்துவிடுவார்கள்" என்கிறார் என் மைத்துனர். யார் சொல்வது சரி? கேஸ் போடலாமா? நானே நேரில் போய்க் கேட்கட்டுமா?

பதில்: வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு நேரில் போக வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஏஜென்ட், மைத்துனர் இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவரையும் நம்பி நீங்கள் முடிவெடுத்தால் பணம் போகும். நான் ஏழு வருடம் ஷாங்காயில் இருந்து நம் ஊர் வியாபாரிகளின் ஒப்பந்தங்களைப் பார்த்துக் கொடுத்தவள். போன புதிதில் எனக்கும் இதே குழப்பம்தான். ஒரு சட்டம் ஊசி முனை அளவுக்குப் பிசகாமல் அமலாகும். பக்கத்துத் தெருவில் இன்னொரு சட்டம் இருக்கிற சுவடே தெரியாது. இது எப்படி என்று புரிய எனக்கு ஒரு குப்பைத் தொட்டி தேவைப்பட்டது.

2019 ஜூலை 1-ஆம் தேதி ஷாங்காயில் குப்பை பிரிக்கும் சட்டம் அமலுக்கு வந்தது. ஈரக் குப்பை, உலர் குப்பை, மறுசுழற்சிக்குப் போவது, அபாயமானது என்று நான்கு தொட்டிகள். பிரிக்காமல் போட்டால் தனிநபருக்கு 200 யுவான் வரை அபராதம். நான் இருந்த குடியிருப்பில் மாடிக்கு மாடி இருந்த தொட்டிகளை ஒரே வாரத்தில் எடுத்துவிட்டார்கள். கீழே ஒரே ஒரு இடம், காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். அங்கே சிவப்புக் கைப்பட்டை கட்டிய பெண்கள் நிற்பார்கள். அத்தை வயதுப் பெண்களை அங்கே "ஆயி" என்றுதான் கூப்பிடுவார்கள். நம் காதுக்கு அது அந்நியமாகவே படாது. முதல் வாரம் நான் குடித்து மிச்சம் வைத்த பால் டீ கோப்பையை அப்படியே கொண்டுபோய்ப் போடப் போனேன். ஆயி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். மிச்ச டீ சாக்கடையில். அடியில் கிடந்த ஜவ்வரிசி ஈரத்தில். கோப்பை உலரில். மூடி மறுசுழற்சியில். நான்கு வேலையையும் அவர் முன்னாலேயே செய்து முடித்த பிறகுதான் வீட்டுக்கு விட்டார். "நீ என்ன குப்பை?" என்று அந்த ஆயிகள் கேட்பது அப்போது ஊரெல்லாம் ஓடிய நகைச்சுவை.

அதே குடியிருப்புக்குப் பின்னால் காய்கறிச் சந்தை. 0.025 மில்லிமீட்டருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு நாடு முழுக்க 2008 ஜூன் 1 முதலே தடை. மற்ற பைகளைக் காசில்லாமல் கொடுக்கக் கூடாது. சூப்பர் மார்க்கெட்டில் இது ஒழுங்காக நடந்தது, பை வேண்டுமா என்று கேட்டு பில்லில் ஏற்றுவார்கள். சந்தையில், சட்டம் வந்து 11 வருடம் ஆன பிறகும், கீரைக்கு ஒன்று, மீனுக்கு இரண்டு என்று காற்றில் பறக்கிற மெல்லிய பைகளைச் சும்மா கிழித்துக் கொடுத்தார்கள். அதைப் பிரித்து எந்தத் தொட்டியில் போடுவது என்று மாலையில் ஆயி சொல்லிக் கொடுப்பார்!

இரண்டும் ஒரே ஊர், ஒரே அரசு. குப்பை விஷயத்தில் நகர நிர்வாகம் மாவட்டத்தைக் கேட்டது, மாவட்டம் தெரு அலுவலகத்தைக் கேட்டது, தெரு அலுவலகம் குடியிருப்போர் குழுவைக் கேட்டது, குழு ஆயியைக் கேட்டது. ஒவ்வொரு படியிலும் மதிப்பெண் போட்டார்கள். கட்சி அதிகாரிகளுக்குப் பதவி உயர்வு அந்த மதிப்பெண்ணில் இருக்கிறது. சந்தைக் கீரைக்காரி எந்தப் பையில் கட்டித் தருகிறாள் என்று எவரும் எவரையும் கேட்கவில்லை. ஆகவே சீனாவில் ஒரு சட்டத்தைப் பார்த்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். அது நடக்காவிட்டால் யாருக்குத் தலைவலி என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

இன்னொன்று. பெய்ஜிங்கில் இயற்றும் சட்டத்தை வேண்டுமென்றே தளர்வாகத்தான் எழுதுவார்கள். பிறகு அமைச்சரவை விதிகள், மாகாண விதிகள், உச்ச மக்கள் நீதிமன்றத்தின் விளக்கங்கள், கடைசியில் உள்ளூர் அலுவலகம் வெளியிடும் சிவப்புத் தலைப்புக் காகிதம் என்று இறங்கி இறங்கித்தான் அதற்கு உருவம் வரும். அந்தச் சிவப்புத் தலைப்புக் காகிதத்துக்கு உள்ளூரில் இருக்கிற மரியாதை சில சமயம் சட்டத்துக்கே இருக்காது. "மேலே கொள்கை இருந்தால் கீழே அதற்கு மாற்று வழி இருக்கும்" என்பது அங்கே எல்லோர் வாயிலும் வரும் சொலவடை. "மலை உயரம், பேரரசர் தூரம்" என்பது அதைவிடப் பழையது.

உங்கள் மைத்துனர் சொல்கிற கடுமை எங்கே வரும் என்றால், மேலிடம் "இதைப் பிடி" என்று இயக்கம் போல அறிவிக்கும்போது. 2011 மே 1 முதல் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதே குற்றவியல் குற்றம் ஆனது. 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தாலே போதும் என்றார்கள், விபத்து எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. அமலாகி ஒன்பதாவது நாளே காவ் சியாவ்சோங் என்ற புகழ்பெற்ற இசையமைப்பாளர் பெய்ஜிங்கில் மாட்டி, ஆறு மாதம் உள்ளே இருந்தார். பேர் பெற்றவருக்கே இந்தக் கதி என்றதும் ஊர் அடங்கியது. இன்று எந்த நகரத்திலும் இரவு உணவகங்களின் வாசலில் மடக்கு மின்சைக்கிளோடு கூலி டிரைவர்கள் காத்து நிற்பார்கள். உங்கள் காரை ஓட்டிவந்து வீட்டில் விட்டு, டிக்கியிலிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு சட்டம் ஒரு தொழிலையே உண்டாக்கிவிட்டது.

இப்படி இறுக்கிப் பிடித்ததைத் தளர்த்துவதும் உண்டு. 2020-ல் ஹெல்மெட் இயக்கம் அறிவித்ததும் ஹெல்மெட் விலை கன்னாபின்னாவென்று ஏறியது. உடனே போலீஸ் துறையே இறங்கிவந்து, மின்சைக்கிள்காரர்களுக்கு இப்போதைக்கு அறிவுரைதான், அபராதம் இல்லை என்றது. கூட்டம் பெரிதாக இருந்தால் சட்டம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். "பல பேர் செய்தால் சட்டம் தண்டிக்காது" என்று அதற்கும் ஒரு சொலவடை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் உங்களுக்கு உதவப்போவது இந்த இரண்டு வகையும் அல்ல, மூன்றாவது ஒன்று. அதிகாரியை எதிர்பார்க்காமல், பாதிக்கப்பட்டவர் கையிலேயே பிடியைக் கொடுக்கிற சட்டங்கள். 2008-ல் வந்த தொழிலாளர் ஒப்பந்தச் சட்டத்தைப் பாருங்கள். மாதத்துக்கு 36 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் கூடாது என்று 1995 முதலே சட்டம் இருக்கிறது. யாரும் சட்டை செய்யவில்லை. காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் 6 நாள் என்பதற்கு "996" என்று பெயர் வைத்து வேலை வாங்கினார்கள். அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் வழக்குகளைக் காட்டிச் சொன்னதே 2021 ஆகஸ்டில்தான். அதற்கு நேர்மாறாக, எழுத்து ஒப்பந்தம் தராமல் ஒரு மாதத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் என்று 2008 சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அது பற்றிக்கொண்டது. ஏனென்றால் தொழிலாளியே தகராறு மன்றத்துக்குப் போய்க் கேட்கலாம், கட்டணமும் கிடையாது. எனக்குத் தெரிந்து ஒரு சின்ன பட்டன் கடை முதலாளி, வேலையாள் ஒருவர் எட்டு மாதம் கழித்து இப்படிக் கேட்டு வாங்கிப் போனதிலிருந்து, சமையலுக்கு வந்த பெண்ணிடம்கூட முதல் நாளே கையெழுத்து வாங்கினார். சமையல் பெண்ணுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்று சொல்லியும் கேட்கவில்லை.

சரி, உங்கள் துணிக்கு வருவோம். தரம் குறைந்த சரக்கு என்பது உரிமையியல் தகராறு. போலீஸ் அதில் தலையிடாது; மைத்துனர் சொல்வது போல யாரையும் தூக்கிப் போக மாட்டார்கள். வேண்டுமென்றே இல்லாத கம்பெனி பெயரில் பணம் பறித்திருந்தால் அது வேறு கதை. அதே நேரம், பிடி உங்கள் கையில் இருக்கிற வகைச் சட்டம் இது. பிடி எவ்வளவு இறுகும் என்பது உங்களிடம் என்ன காகிதம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

முதல் காகிதம் சீல். நம் ஊரில் கையெழுத்துதான் உயிர், சீல் ஒரு அலங்காரம். அங்கே தலைகீழ். போலீஸ் துறையில் பதிவான வட்டச் சிவப்பு சீல், நடுவில் ஐந்துமுனை நட்சத்திரம், சுற்றிலும் சீன எழுத்தில் கம்பெனி பெயர், அடியில் பெரும்பாலும் ஒரு எண். அது விழுந்த காகிதம்தான் கம்பெனி பேசிய பேச்சு. 2020 ஏப்ரலில் டாங்டாங் என்ற பெரிய இணையப் புத்தகக் கடையின் நிறுவனர்களில் ஒருவரான லி குவோசிங், மனைவியோடு நடந்த சண்டையில், ஆட்களோடு அலுவலகத்துக்குள் நுழைந்து டஜன் கணக்கில் சீல்களை அள்ளிக்கொண்டு போனார். கம்பெனி தன் கைக்கு வந்துவிட்டது என்று அறிவிக்க அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. பிறகு கம்பெனி அந்த சீல்கள் செல்லாது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. சீலுக்கு இருக்கிற மதிப்பு அப்படி.

உங்கள் புரோஃபார்மா இன்வாய்ஸில் (சரக்கு அனுப்பும் முன் தரும் விலைப் பட்டியல்) இருப்பது அந்த சீலா, அல்லது ஆங்கிலத்தில் நீளமாக அச்சடித்த நீல ஸ்டாம்பா? ஆங்கிலப் பெயருக்குச் சீனாவில் பதிவு மதிப்பு கிடையாது. பதிவான பெயர் சீன எழுத்தில்தான் இருக்கும், அதோடு 18 இலக்கத்தில் ஒரு பதிவு எண்ணும். அந்த எண்ணை அரசின் இணையப் பதிவேட்டில் போட்டால் கம்பெனி உயிரோடு இருக்கிறதா, சட்டப் பிரதிநிதி, அதாவது கம்பெனிக்காகப் பொறுப்பேற்கப் பதிவான ஆள், யார் என்பதெல்லாம் வந்துவிடும். நீங்கள் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு யார் பெயரில் இருந்தது என்பதையும் பாருங்கள். கம்பெனி ஒரு பெயர், கணக்கு ஹாங்காங்கில் வேறொரு பெயர் என்றால், யார் மேல் கேஸ் போடுவது என்பதிலேயே பாதி பலம் போய்விடும். என்னிடம் வந்தவர்களில் பலர் சறுக்கியது இந்த இடத்தில்தான்.

வீசாட் பேச்சு செல்லுமா என்று பலர் கேட்பார்கள். செல்லும். 2020 மே 1 முதல் அமலான சாட்சிய விதிகளிலேயே அது மின்னணு ஆதாரமாகச் சேர்ந்திருக்கிறது. ஆனால் ஸ்கிரீன்ஷாட் போதாது, பேச்சு நடந்த அசல் போன் வேண்டும். ஆகவே போனை மாற்றாதீர்கள், தம்பிக்குக் கொடுக்காதீர்கள், வீசாட்டை அழித்துவிட்டு மறுபடி ஏற்றாதீர்கள்.

அடுத்து, துணியை வெட்டிவிட்டீர்களா? வெட்டித் தைத்திருந்தால் "ஏற்றுக்கொண்டுதானே பயன்படுத்தினார்" என்பார் எதிர் வக்கீல். வெட்டாத ரோல்களை அப்படியே லேபிளோடு ஓரம் கட்டுங்கள். ஜி.எஸ்.எம். சோதனைக்கு அங்கீகாரம் பெற்ற லேபில் கொடுத்து ரிப்போர்ட் வாங்குங்கள், ஒரிஜினல் சாம்பிளையும் சேர்த்து. அதை இணைத்து, "சரக்கு பேசியபடி இல்லை" என்று தேதியிட்டு எழுத்தில் இப்போதே அனுப்புங்கள், சீன மொழியில். 2021-ல் அமலான சீன உரிமையியல் சட்டத் தொகுப்பு, குறையைத் தெரிந்ததும் நியாயமான காலத்துக்குள் வாங்கியவர் சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லாமல் இரண்டு வருடம் ஓடிவிட்டால் சரக்கு சரியாக இருந்ததாகவே வைத்துக்கொள்வார்கள். கேஸ் போட பன்னாட்டு விற்பனைக்கு நான்கு வருடம் இருக்கிறதே என்று இதில் சாவகாசமாக இருந்துவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு கெடு.

திருப்பூர் கோர்ட்டில் போடலாமே என்று தோன்றும். போடலாம், டிகிரியும் (தீர்ப்பாணை) வரும். சீனாவோடு நமக்குத் தீர்ப்புகளைப் பரஸ்பரம் நிறைவேற்றும் ஏற்பாடு கிடையாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 44-ஏ பிரிவின் பட்டியலில் சீனா இல்லை. அந்த டிகிரியை வைத்து அவரிடம் காசு பெயராது. ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பாயம் என்று எழுதியிருந்தால் நிலைமை வேறு. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை நிறைவேற்றுவதற்கான நியூயார்க் உடன்படிக்கையில் இரண்டு நாடும் இருக்கின்றன, இந்திய அரசு 2012-ல் சீனாவை அதற்கென அறிவிக்கையும் செய்துவிட்டது. உங்கள் இன்வாய்ஸில் அப்படி எதுவும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் பார்ட்டி பதிவான ஊரின் நீதிமன்றம்தான் வழி.

அங்கே கேஸ் போடுவது நீங்கள் பயப்படுகிற அளவுக்குச் செலவில்லை. 1 லட்சம் யுவான் கோரிக்கைக்கு நீதிமன்றக் கட்டணம் 2,300 யுவான், ஜெயித்தால் எதிராளி தலையில். சீன உரிமம் பெற்ற வக்கீல்தான் ஆஜராக முடியும். அவருக்கு நீங்கள் தரும் வக்காலத்துக்கு நோட்டரி, தூதரகச் சான்று என்று கொஞ்சம் அலைச்சல் உண்டு. உள்நாட்டுக் கேஸுக்கு ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறார்கள், வெளிநாட்டவர் சம்பந்தப்பட்டதற்கு அந்தக் கெடு கிடையாது. நீதிபதி முதல் நாளிலிருந்தே "பேசித் தீர்த்துக்கொள்ளுங்களேன்" என்பார். விசாரணைக்கு முன்னால் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, தீர்ப்புக்கு முன்னால் ஒரு தடவை. எரிச்சல்படாதீர்கள். அங்கே சமரசம்தான் நீதித் துறையின் செல்லப் பிள்ளை. சமரசப் பத்திரத்தில் நீதிமன்ற சீல் விழுந்தால் அதுவும் டிகிரிக்குச் சமம்தான். உங்கள் பார்ட்டி யீவூ என்ற மொத்தச் சந்தை நகரத்தில் இருந்திருந்தால், வெளிநாட்டு வியாபாரிகளே சமரசம் பேசிவைக்கும் குழு ஒன்று 2013 முதல் அங்கே இருக்கிறது. அதைத்தான் முதலில் தட்டச் சொல்லியிருப்பேன்.

உண்மையான சிக்கல் டிகிரிக்குப் பிறகு. இது நமக்குப் பழகியதுதான். டிகிரி வாங்க மூன்று வருடம், ஜப்தி பண்ண ஆறு வருடம் என்று நம் கோர்ட் வராண்டாவில் பேசுவோமே, அதே கதைதான் அங்கேயும். "நிறைவேற்றுவது கடினம்" என்று அதற்கு ஒரு தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றத் தலைவர் சோவ் சியாங், இரண்டு மூன்று வருடத்தில் இதை அடிப்படையில் தீர்ப்போம் என்று நாடாளுமன்றத்திலேயே வாக்குக் கொடுத்தார். அப்புறம்தான் நீதிமன்றங்கள் வெறிகொண்டு வேலை செய்தன. மறுபடியும் பாருங்கள், மேலே ஒருவர் பதில் சொல்ல வேண்டிவந்ததும் கீழே அசைந்தது.

அவர்கள் கையில் உள்ள ஆயுதம், 2013-ல் தொடங்கிய பட்டியல். பணம் இருந்தும் கட்டாதவரின் பெயரைப் பொதுவில் போடுவார்கள். விமான டிக்கெட் எடுக்க முடியாது. அதிவேக ரயிலில் ஏற முடியாது. நட்சத்திர ஓட்டலில் தங்க முடியாது. பிள்ளையை அதிகக் கட்டணத் தனியார் பள்ளியில் சேர்க்க முடியாது. கம்பெனி மேல் டிகிரி என்றால் இந்தச் செலவுத் தடை அதன் சட்டப் பிரதிநிதி தலையிலும் விழும். ஸ்மார்ட்டிசான் போன் கம்பெனியை நடத்திய லுவோ யோங்ஹாவ் மேல் 2019 நவம்பரில் ஒரு உள்ளூர் நீதிமன்றம் இந்தத் தடையைப் போட்டது. அடுத்த வருடமே அவர் நேரலையில் பொருள் விற்று கடன் அடைக்க இறங்கினார். துணி வியாபாரி மாதம் இரண்டு தடவை குவாங்சோவுக்கு ரயில் ஏறுகிறவர். 1 லட்சம் யுவானுக்காக சாதா ரயிலில் இருபது மணி நேரம் போக யாருக்கும் மனசு வராது.

ஆனால் கம்பெனி வெறும் கூடு என்றால், "சொத்து இல்லை, இப்போதைக்கு முடிக்கிறோம்" என்று ஒரு காகிதம் கொடுத்து நீதிமன்றம் கோப்பை மூடிவிடும். அதனால்தான் கேஸ் போடும்போதே, முடிந்தால் அதற்கு முன்பே, அவர் வங்கிக் கணக்கை முடக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நீங்கள் ஈடு காட்ட வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனியின் உத்தரவாதக் கடிதம் போதும். கேஸுக்கு முன்பே கேட்டால் நீதிமன்றம் 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்லும். 30 நாளுக்குள் நீங்கள் கேஸைப் போட்டுவிட வேண்டும். கணக்கு முடங்கிய அன்று மாலையே வீசாட்டில் பதில் வந்ததை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

ஏஜென்ட்டின் "ஆள் தெரியும்" பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழக்கத்துக்கு அங்கே மதிப்பு உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். உள்ளூரில் ஆயிரம் பேருக்கு வேலை கொடுக்கும் ஆலை என்றால் நீதிமன்றமே தயங்கும். கட்சிக்கு அக்கறையுள்ள விஷயம் என்றால் நீதிபதி முடிவெடுப்பதே இல்லை. 2015 ஜூலையில் மனித உரிமை வக்கீல்களையே கூண்டோடு பிடித்த நாடு அது. ஆனால் உங்கள் 150 ஜி.எஸ்.எம். துணிக்காக எந்த அதிகாரியும் போன் செய்யப்போவதில்லை. அப்படி யாராவது குறுக்கிட்டால் நீதிபதி அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2015 முதல் விதியும் இருக்கிறது. ஏஜென்ட் கேட்கும் "செலவு" அவர் பையோடு நின்றுவிடும் என்பதுதான் என் ஊகம்.

கடைசியாக, ஏன் நேரில் போக வேண்டாம் என்றேன். 2011 டிசம்பரில் யீவூவில், முதலாளி பணம் தராமல் ஓடிப்போன ஒரு கம்பெனியில் வேலை பார்த்த இரண்டு இந்தியர்களை உள்ளூர் வியாபாரிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவர்களை மீட்க நீதிமன்றம் போன நம் தூதரக அதிகாரி அங்கேயே மயங்கி விழுந்தார். யீவூவில் வியாபாரம் வேண்டாம் என்று இந்தியத் தூதரகம் எச்சரிக்கையே வெளியிட்டது. உங்கள் விஷயத்தில் பணம் வர வேண்டியது உங்களுக்குத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்ட்டி முந்திக்கொண்டு, நீங்கள்தான் மீதி பாக்கி தர வேண்டும் என்று ஒரு எதிர்க் கேஸ் போட்டுவிட்டால், அது முடியும்வரை உங்களை நாட்டைவிட்டு வெளியே விடாமல் நிறுத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பலம் சேராமல் அவர் ஊரில் போய் நிற்காதீர்கள்.

முதலில் ஒரு சீன வக்கீல் மூலம், சீல் வைத்த நோட்டீஸ் ஒன்று அனுப்பலாம். கேஸுக்குப் போகாமல் இதிலேயே பாதித் தொகைக்கோ அடுத்த ஆர்டரில் கழிவுக்கோ இறங்கிவருகிற பார்ட்டிகள் நிறைய. அதற்கு முன்னால் எனக்கு மூன்று போட்டோ அனுப்புங்கள்: இன்வாய்ஸில் உள்ள சீல், வங்கிப் பரிமாற்ற ரசீதில் உள்ள கணக்குப் பெயர், பிரிக்காத ரோலின் லேபிள். சீலில் உள்ள எழுத்தும் கணக்குப் பெயரும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு, நோட்டீஸா நேரே கணக்கு முடக்கமா என்பதைச் சொல்கிறேன்.